குடிலில் வைத்த கல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எங்கே நிறுத்துவது, எங்கே புதிதாகத் தொடங்குவது என்பதெல்லாம் இன்றைக்கும் தடுமாற்றம்தான். மறதியும் சேர்ந்துவிட்டது, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கருகிய மணம் வந்த பிறகு ஓடுகிற ஆள் நான். அதனால் முன்னுக்குப் பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் துணிந்தேன்.

போன கிழமை, வெள்ளவத்தையில் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி போனைக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள்.

"அம்மம்மா, இந்தக் கல்லை வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். கடலுக்கு அடியில் பாசி பிடித்த ஒரு கல். ஒரு சின்ன மீன் ஆடி ஆடி அதற்குப் பக்கத்தில் வந்தது. கல் வாயைத் திறந்தது. சின்ன மீனைக் காணவில்லை. கல் மறுபடியும் கல்லாகவே கிடந்தது.

என் மடியிலிருந்த சுளகு கவிழ்ந்து கீரையெல்லாம் நிலத்தில் கொட்டிவிட்டது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அதற்குக் கல்லுமீன் என்று பெயராம். முதுகு முள்ளில் நஞ்சாம். ஓடிப் பிடிக்காதாம், அசையாமல் கிடந்து, கிட்ட வருவதை விழுங்குமாம். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் பல மணித்தியாலம் உயிரோடு இருக்குமாம். அவள் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, கொட்டிய கீரையை அள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மீனை எனக்குத் தெரியும். அதை ஒரு நத்தார் காலத்தில், கிறிஸ்மஸ் என்பார்களே, அப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டம் என்றதும் மரஞ்செடி என்று நினைக்க வேண்டாம். ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் உடுப்புக் காயும் கயிறுகள். கொழும்பில் அதற்குத்தான் தோட்டம் என்று பெயர். அப்பாவுக்குத் துறைமுகத்துக் கிட்டங்கியில், கப்பல் சாமான் அடுக்கி வைக்கும் இடத்தில், வேலை. அளந்துதான் கதைப்பார். கோயிலுக்கும் அதிகம் போகமாட்டார். பெருநாளுக்கும் செத்த வீட்டுக்கும்தான் அவரை அங்கே காணலாம்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் வீட்டை விட்டால் அவருக்குப் போக ஓர் இடம் கிடையாது. எந்த வேலையும் அவரிடம் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. ஆனால் விளையாட்டு விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை அப்பாவின் குடைக்குள் ஒரு பிடி அரிசியைப் போட்டுச் சுருட்டி வைத்தார். அப்பா மழைக்கு, நடு வீதியில், குடையை விரித்தார். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவதுபோல அரிசி தலையில் கொட்டியது. கிட்டங்கி ஆட்கள் அதன் பிறகு ஒரு மாதம் அப்பாவை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்களாம்.

அடுத்த நத்தாருக்கு இன்னும் பெரிதாகச் செய்தார். எங்கள் பாலன் குடிலில், குழந்தை இயேசுவை வைக்கும் வைக்கோலுக்குள், உயிர் நண்டு ஒன்றை விட்டுவிட்டார். எதிர்வீட்டு அன்ரி பக்தியோடு குனிந்து பாலனை முத்தமிடப் போனவர், போட்ட சத்தத்தில் தோட்டமே கூடிவிட்டது. அன்றைக்கு அப்பா மாமாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம்.

"இன்னொரு விளையாட்டு விட்டாயெண்டால், இந்த வாசல்படி உனக்கு இல்லை. சொல்லிப்போட்டன்."

அம்மா குசினிக்குள் நின்று கண்ணைத் துடைத்தார். மாமா அதன் பிறகு ஒரு வருஷம் பூனைக்குட்டி மாதிரித்தான் இருந்தார்.

எங்கள் தோட்டத்தில் குடில் கட்டுவது சும்மா விஷயமில்லை. நத்தாரன்று கோயில் சபைக்காரர் வீடு வீடாக வந்து பார்த்து, எது நல்ல குடில் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு வருஷமும் எதிர்வீட்டு அன்ரிதான் முதல். அவர் ஒரு கண்ணாடியைக் கிடத்தி, அதுதான் குளம் என்று அதன்மேல் தாரா பொம்மைகளை விடுவார். நண்டு விட்டதற்கு அடுத்த வருஷம் மாமா சொன்னார், நாங்கள் உண்மைத் தண்ணீரிலேயே குளம் வைப்போம் என்று. எனாமல் தட்டு ஒன்றில் கடல் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் பாசி பிடித்த கல் அடுக்கினால் பாசி வாடாமல் பச்சையாகவே நிற்கும். பெத்லகேம் மலை என்றால் அதுதான் மலை.

இருபத்துநாலாம் திகதி காலையில் இரண்டு பேரும் முகத்துவாரம் கடற்கரைக்கு நடந்தோம். மாமாவின் தோளில் நனைத்த சாக்கு. என் கையில் ஒரு பன் பை, சந்தைக்குக் கொண்டுபோவோமே, புல்லில் பின்னியது. கடல் வற்றிக் கிடந்தது. பாறைகளுக்கு நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தங்கி நின்றது.

அங்கே ஒரு சிங்கள மீன்காரர் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பழக்கமானவர். நான் வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்து, "பலாகென நங்கி, பலாகென!" என்று கத்தினார். பார்த்துப் போ தங்கச்சி என்று அர்த்தம். பிறகு தன் வலது காலைத் தூக்கி மாமாவுக்குக் காட்டினார். அதில் இரண்டு விரல் இல்லை. நெடுநேரம் ஏதோ சிங்களத்தில் சொன்னார். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. சுடுதண்ணீர் என்ற சொல் இரண்டு மூன்று தரம் வந்தது. தேத்தண்ணீர் குடிப்பதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமா ஒரு பகிடியும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றது மட்டும் எனக்குப் புதினமாக இருந்தது.

திரும்பி வந்து என் முன்னால் குந்தினார்.

"இஞ்ச பார் பிள்ளை. நீ ஒரு கல்லையும் தொடக்கூடாது. நான் தடியால தட்டிப் பார்த்து எடுத்துத் தாறதுதான் கல்லு. சரியா?"

"ஓம் மாமா."

ஓம் என்றேன். மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கல்லைக் கண்டது அப்போதுதான். ஒரு பள்ளத்துக்குள், என் இரண்டு கை அகலத்தில், பச்சையும் செம்மண்ணுமாகப் பாசி படர்ந்து கிடந்தது. மேலே கரடு முரடாக மேடு பள்ளம். ஓர் ஆட்டுக்குட்டியை நிறுத்தி வைக்க அளவான இடம். மாமா எடுத்த ஒரு கல்லும் அந்த வடிவு இல்லை. எதிர்வீட்டு அன்ரி இதைப் பார்த்தால் வயிறெரிந்து போவார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் எல்லோரையும் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

தொட்டுத் தூக்கியிருப்பேன். ஆனால் அதன்மேல் வழுவழுவென்று ஒரு பசை. எனக்கு அருவருப்பு. பன் பையைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, ஒதுங்கிக் கிடந்த ஒரு கம்பால் உருட்டி உள்ளே தள்ளினேன். கொஞ்சம் கனமாக இருந்தது. மேலே ஈரப்பாசியைப் போட்டு மூடினேன். அந்த அருவருப்பு இல்லையென்றால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை.

வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்க மாமா குடில் கட்டினார். சாக்கை விரித்து மலை செய்தார், கல் அடுக்கினார், தட்டில் கடல் தண்ணீரை ஊற்றினார். பிறகு நட்சத்திரக் கூடு கட்ட ஏணியோடு வெளியே போனார். நான் ஓடிப்போய்ப் பையைத் தட்டின் ஓரத்தில் சாய்த்தேன். கல் சறுக்கிக்கொண்டு குளத்துக்குள் இறங்கியது. பாதி தண்ணீருக்குள், பாதி மேலே. அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வெறும் பையோடு கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டேன். அம்மா வந்து பார்த்து என்ன சொல்வார் என்று கேட்க.

அம்மா வந்தார். கையில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இடையன் சுரூபம்.

"ஐயோ, என்ன வடிவான கல்லு!" என்றார்.

அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அம்மா இடையனை மலை உச்சியில் வைக்க எட்டினார். எட்டும்போது, விழாமல் இருக்க, மற்றக் கையை அந்தக் கல்லின்மேல் ஊன்றினார்.

அதன் பிறகு வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெறும் வீட்டில் நின்றிருக்கிறேன், செத்த வீட்டில் நின்றிருக்கிறேன், அந்தச் சத்தத்தை வேறெங்கும் கேட்டதில்லை. அம்மா கையை இழுத்தார். கையோடு தட்டும் கவிழ்ந்தது. கல் நிலத்தில் விழுந்தது. விழுந்த கல் துடித்தது. அதற்கு ஒரு வாய் இருந்தது, மேலே பார்த்தபடி. இரண்டு கண்கள் இருந்தன. அவை என்னையே பார்த்தன.

மாமா ஏணியிலிருந்து குதித்து ஓடிவந்தார். நிலத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. குசினிக்குப் பாய்ந்தார். அப்பா வரும் நேரம் என்று அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பேசினுக்குள் ஊற்றினார், குடத்திலிருந்து பச்சைத் தண்ணீர் கலந்தார். முதலில் தன் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தார். முகம் கோணியது. இன்னும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டார். மறுபடியும் தன் கையை விட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அதற்குள் அமுக்கினார்.

அம்மா இன்னும் பெரிதாகக் கத்தினார். மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குத்துப்பட்டு வீங்குகிற கையை யாராவது சுடுதண்ணீரில் போடுவார்களா?

"அக்கா, பொறுங்கோ அக்கா. கொஞ்சம் பொறுங்கோ. எடுக்காதேங்கோ," என்று அழுதுகொண்டே பிடித்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கத்தல் மெல்ல மெல்ல முனகலாகியது. அம்மா தலையை மாமாவின் தோளில் சாய்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"விடாத தம்பி... இப்பிடியே பிடி. கையை எடுத்தால் செத்துப்போவன்."

அதைக் கேட்டது இரண்டே பேர். மாமாவும் நானும்.

அம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்து கண் மூடியது. அந்த நேரத்தில்தான் அப்பா வாசலில் வந்து நின்றார். அவர் கண்டது என்ன? ஆவி பறக்கிற பேசின். அதற்குள் சிவந்து வீங்கிய மனைவியின் கை. அதை அமுக்கிப் பிடித்திருக்கும் மச்சினன். நிலத்தில் துடிக்கும் அந்தப் பிசாசு. கவிழ்ந்த குடில்.

"இது ஆர் செய்த வேலை?"

அப்பா கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கையில் பன் பை. அதிலிருந்து கடல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. மாமா அந்தச் சொட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் அத்தான்," என்றார் மாமா. "நான்தான் கொண்டுவந்து வைச்சனான். பிறகு அடியுங்கோ. இப்ப கையை மட்டும் வெளியில எடுக்காதேங்கோ."

அப்பா பேசினைக் காலால் உதைத்தார். மாமாவின் வாயில் அடித்தார், திரும்பவும் அடித்தார். அதற்குமுன் அப்பா யாரையும் அடித்து நான் கண்டதில்லை. தண்ணீருக்கு வெளியே வந்த கையோடு அம்மா மறுபடி அலறத் தொடங்கினார்.

எதிர்வீட்டு அன்ரி எங்கேயோ ஓடி ஒரு டாக்சியைக் கூட்டிவந்தார். அப்பாவும் அன்ரியும் அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். மாமா மீனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். "அத்தான், டொக்டரிட்டக் காட்டவேணும், என்ன மீனெண்டு தெரியவேணும்" என்று கண்ணாடியில் தட்டினார். கார் போய்விட்டது.

திரும்பி வந்தார். உதட்டில் இரத்தம். குனிந்து சூசையப்பரை நிமிர்த்தி வைத்தார், மாதாவை நிமிர்த்தி வைத்தார், தாராக்களைப் பொறுக்கினார். நான் அதே கதவோரத்தில் அதே பையோடு நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீங்கிய வாயால் சிரித்தார்.

"என்ன பிள்ளை, எங்கட குடிலுக்குத்தான் இந்த வருஷம் முதல் பரிசு, என்ன?"

நான் சிரித்தேன். அதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா அந்தப் பாடு படும்போது, மாமாவின் வாயில் இரத்தம் வடியும்போது, நான் சிரித்தேன்.

"இதைக் காட்டிப்போட்டு வாறன்," என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை. இதுவும் அவருடைய விளையாட்டுகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நான் இருந்தேன். அவருக்கென்று ஒரு துண்டுக் கேக்கை எடுத்து மூடி வைத்தேன். அதை எறும்பு மொய்த்த பிறகுதான் வெளியே போட்டேன்.

மாமா இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் சாக்கோடு நின்றாராம். எதிர்வீட்டு அன்ரி பிறகு சொன்னார். அப்பா அவரைத் தாண்டித் தாண்டி உள்ளே போய் வந்தாராம், முகம் பார்க்காமல். மூன்றாம் நாள் வாசலில் ஆள் இல்லை.

அம்மா புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்தார். உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. வாசலில் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி எங்க?"

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவனைத் துரத்திப்போட்டீங்களா? அந்தச் சுடுதண்ணிக்குள்ள கை கிடந்த நேரம் மட்டும்தானே எனக்கு நோ குறைஞ்சது. டொக்டரும் அதைத்தானே செய்தவர். பிள்ளை பார்த்துக்கொண்டு நிண்டவள். நீ அப்பாவுக்குச் சொல்லேல்லையா?"

நான் சொல்லவில்லை. தன் கையை முதலில் விட்டுப் பார்த்தாரே, அதைச் சொல்லவில்லை. அம்மா "விடாத தம்பி" என்றதைச் சொல்லவில்லை. பன் பையைப் பற்றியும் சொல்லவில்லை. "அது வாய் செத்த பிள்ளை, பாவம், பயந்துபோச்சு" என்று அன்ரி என் தலையைத் தடவினார். அன்றைக்கு மட்டுமா? அடக்கமான பிள்ளை, ஒரு சொல் கூடக் கதைக்காது என்று என் வாழ்நாள் முழுக்க என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகத்துக்கு வரும்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார். இரவாகித்தான் வந்தார். அடுத்த நாளும் போனார். மருதானை ஸ்டேஷனில் மாமாவைக் கண்டதாக யாரோ சொன்னார்கள், அங்கே போனார். கப்பலில் ஏறிவிட்டார் என்று வேறு யாரோ சொன்னார்கள். ஒன்றும் உறுதியில்லை. அம்மாவுக்குக் கை வராததால் சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் மெல்ல மெல்ல என்னிடம் வந்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் போனது. அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. எனக்கு அது கிடைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பெருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற அப்பா, அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். வேலை முடிந்து நேரே அங்கே போய், கிட்டங்கிப் புழுதியோடு, சனத்துக்குள் நின்று மெழுகுதிரி கொளுத்துவார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதவுத் திறப்புத் தொலைந்தாலும் தோடு தொலைந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். ஆகவே அப்பா எதையோ தொலைத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. என்ன என்றுதான் விளங்கவில்லை.

நான் தேடினேன். கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், அரிசிப் பானைக்குப் பக்கத்தில். கடைசியில் அப்பா எழுதுகிற பேனையின் மூடி ஒன்று அகப்பட்டது. மாமா எப்போதோ விளையாட்டுக்கு ஒளித்து வைத்தது. இதுவாகத்தான் இருக்கும் என்று சந்தோஷத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அப்பா, நீங்கள் தேடுறது இதுவா?"

அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஓம் பிள்ளை," என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிக் கோயிலுக்குப் போகமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாயும் போனார். கால் ஏலாமல் போகும்வரை போனார். அகப்பட்ட பிறகும் ஏன் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. மாமாதான் கல்லைக் கொண்டுவந்தார் என்று நம்பியபடியே, அப்பா அவரைத் தேடிக்கொண்டே செத்துப்போனார். அம்மாவும் அப்படியே போய்விட்டார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: நான் கண்டது இந்தக் கல்லுமீன்தானா, முகத்துவாரப் பாறைகளில் அது இருக்குமா, அவ்வளவு நேரம் ஈரப்பையில் உயிரோடு கிடக்குமா, அந்தக் குத்துக்குச் சுடுதண்ணீர் சரியா என்று. தண்ணீர் எவ்வளவு சூடு என்பதையும் கேட்டு எழுதுங்கள். என் எழுத்தை நம்பி யாரும் கையைப் புண்ணாக்கிக்கொள்ளக்கூடாது. கிழமையும் திகதியும் நான் பிழையாக எழுதியிருக்கலாம். அம்மாவுக்கு மடங்கியது மூன்று விரலா இரண்டா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பன் பையிலிருந்து என் காலடியில் தண்ணீர் சொட்டியது மட்டும் சரி. அதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.